பணத்தைத் திருப்பிக் கட்டிய பின்னும் திருவிருந்துக்கு வரத் தயங்கும் அண்ணன்

கேள்வி: திருமங்கலம் வாசகி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருமங்கலம் பக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சபையில் என் அண்ணன் பொருளாளராக இருந்தார். தொழிலில் ஏற்பட்ட கடனை அடைப்பதற்காக ஆலயக் கட்டட நிதியிலிருந்து பணம் எடுத்துவிட்டார். சபைக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது குறைவு வெளிப்பட்டது. எல்லார் முன்னிலையிலும் எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு, பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் அண்ணியின் நகைகளை விற்று முழுத் தொகையையும் கட்டிவிட்டார். அலுவலக அறையில் ரசீது கொடுத்தார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

இன்றும் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். காணிக்கைப் பை அந்த வரிசைக்கு வரும்போது இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் அவரைத் தாண்டிக் கையை நீட்டித்தான் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நாளில் பந்திக்கு அழைப்பதற்கு முன்பே எழுந்து, வெளியே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுகிறார். தேவன் மன்னித்தார் என்று நம்புவதாகச் சொல்கிறார், ஆனால் அந்தப் பந்தியில் தமக்கு இடமில்லை என்கிறார். மன்னிப்புப் பெற்றவர் சபைக்குள் மறுபடியும் நிமிர்ந்து நிற்பதற்கு வழி என்ன? இனி அவர் ஊழியப் பொறுப்பு எதையாவது ஏற்கலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆயர், பசுமலை

சகோதரி, உங்கள் அண்ணன் விழுந்தது சபையார் அனைவருடைய காதிலும் விழுந்தது. அவர் பணத்தைத் திரும்பக் கட்டியதோ ரசீதுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. அவர் எழுந்து வெளியே போவதற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சபை செய்ய வேண்டிய காரியம் பாதியில் நிற்கிறது.

பேதுருவை நினைத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்தில், பலர் குளிர்காய்ந்துகொண்டிருந்த கரிநெருப்பருகே நின்று, இயேசுவை அறியேன் என்று மும்முறை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் அவனைச் சந்தித்தபோது, அங்கேயும் கரிநெருப்பு போடப்பட்டிருந்தது என்று யோவான் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டவர் முதலில் அப்பமும் மீனும் கொடுத்தார். உணவு முடிந்த பிறகே, “யோனாவின் குமாரனாகிய சீமோனே” என்று அழைத்து, தம்மிடம் அன்பாயிருக்கிறானா என்று மும்முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் மந்தையை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். பேதுருவோடு சேர்த்து ஏழு சீஷர்கள் கரைக்கு வந்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிறர் அறிய விழுந்தவனை, பிறர் அறியவே தூக்கி நிறுத்தினார்.

பவுலும் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தண்டிக்கப்பட்டவன் “அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு” அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று சபையார் எல்லாரையும் பார்த்தே சொல்கிறார். எனவே அடுத்த சபைக் கூட்டத்தில், பணம் முழுவதும் வந்து சேர்ந்தது, இதில் அவர்மேல் பாக்கி எதுவும் இல்லை என்பதை ஆயர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அதற்கு முன்னதாக அவர் உங்கள் வீட்டுக்கு வந்து அண்ணனோடு உட்கார்ந்து ஜெபிப்பது அவசியம்.

பதில் 2: கத்தோலிக்க வாசகர், மேலூர்

எங்கள் மரபில் ஒப்புரவு அருளடையாளத்தில் குருவானவர், “உன் பாவங்களை மன்னிக்கிறேன்” என்று தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் சொல்வதை மனிதக் காதால் கேட்கிறோம். அந்தக் குரல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் தவக்காலத்தில் நீண்ட காலம் கழித்து வருகிறவர்களின் முகத்தில் பார்க்கலாம். உங்கள் வழிபாட்டிலும் பொதுவான பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் உண்டு. அண்ணன் ஆயரிடம் தனியாகவும் அறிக்கையிட்டு, அந்த வார்த்தையைத் தமக்கென்றே சொல்லக் கேட்கலாமே. பணத்தைத் திருப்பித் தந்ததால், அநியாயமாய் வாங்கியதைத் திருப்பித் தர முன்வந்த வரி வசூலிப்பவர் சக்கேயு நடந்த வழியில் அவரும் நடந்துவிட்டார். அதற்குமேல் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும்படி நற்செய்தி கேட்கவில்லை.

பதில் 3: சேகரக் குழு உறுப்பினர், உசிலம்பட்டி

ஆயர் ஐயா எழுதியதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்: பந்திக்கு அவரை இன்றே அழைக்க வேண்டும், பணப் பொறுப்பை மறுபடியும் கொடுக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து போட்ட காணிக்கை அது. அவர்களுக்கும் சபை பதில் சொல்ல வேண்டும்.

ஆதித் திருச்சபையும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ் காலத்து உபத்திரவத்தில் தெய்வங்களுக்குப் பலியிட்டுப் பின்வாங்கியவர்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்று ரோம் நகரத்துக் குருவான நோவேஷியன் பிடிவாதமாக நின்றார். கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியானும் அவரோடிருந்தவர்களும் அதை மறுத்து, மனந்திரும்புதல் விளங்கியபின் ஐக்கியத்தில் சேர்க்க வழி செய்தார்கள். ஆயினும் அப்படி விழுந்த பேராயர்கள் மறுபடியும் அந்தப் பதவிக்கு வருவதை அதே சிப்ரியான் ஏற்கவில்லை.

அதற்காக உங்கள் அண்ணன் எந்த வேலையும் செய்யாமல் கடைசி வரிசையிலேயே இருக்க வேண்டும் என்று பொருளில்லை. பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுப் போன மாற்குவை மறுபடியும் கூட்டிச்செல்லப் பவுல் மறுத்தார். பர்னபா அவனைத் தம்மோடு அழைத்துச் சென்றார். பின்னாளில் பவுலே, “ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்” என்று எழுதினார். நோயாளிகளைச் சந்திப்பது, அறுப்பின் பண்டிகை வேலைகள், ஞாயிறு பள்ளி என எவ்வளவோ இருக்கின்றன. உங்கள் சபையில் பர்னபாவைப் போன்ற ஒருவர் முன்வந்து, தம்மோடு வரும்படி அவரைக் கூப்பிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்: திருமங்கலம் வாசகி

மூவருக்கும் நன்றி. பணப் பொறுப்பை அண்ணனும் விரும்பமாட்டார். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அடுத்த கூட்டத்தில் அறிவிக்கும்படி ஆயரிடம் இந்த வாரமே பேசுகிறேன். இதை எழுதும்போதுதான் இன்னொன்று உறைக்கிறது: அண்ணன் எழுந்து போகும்போது அண்ணியும் கூடவே போய்விடுகிறார்கள். நகைகளைக் கழற்றிக் கொடுத்த அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆயர் வீட்டுக்கு வரும்போது அவர்களோடும் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.