ஃபயர்வயர் டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டினால் லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை

பழையபெட்டி:
2004 வாக்கில் வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க். பின்னால் ஃபயர்வயர் 400 (யுஎஸ்பி போல அந்தக் காலத்து இன்னொரு இணைப்பு முறை) போர்ட் மட்டும்தான். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பி என்று விற்கும் குட்டி அடாப்டரை வாங்கி லேப்டாப்பில் மாட்டினேன். டிஸ்க் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் ஒன்றுமில்லை, கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் (dmesg) ஒரு வரிகூட வரவில்லை. எதை நிறுவ வேண்டும்?

கர்னல்வாசி:
எதை நிறுவினாலும் வராது. அந்த அடாப்டருக்குள் இருப்பது வெறும் கம்பி. ஃபயர்வயரும் யுஎஸ்பியும் பேசும் பாஷையே வேறு, நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். போதாததற்கு ஃபயர்வயர் கம்பியில் 30 வோல்ட் வரை வரலாம், யுஎஸ்பிக்கு 5 வோல்ட்தான். முதலில் அதைக் கழற்றுங்கள்!
மேசைக் கணினி என்றால் ஃபயர்வயர் கார்டு போடலாம். லேப்டாப் என்கிறீர்கள், அதனால் டிஸ்க் பெட்டியைத் திறந்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிக்குள் பெரும்பாலும் சாதாரண ஐடிஇ (அகலமான 40 முள் இணைப்பு கொண்ட பழைய வகை) டிஸ்க்தான் இருக்கும். ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் போதும், 3.5 அங்குல டிஸ்க் என்றால் 12 வோல்ட் பவர் அடாப்டரும் சேர்த்து வருவதாக வாங்குங்கள்.

பழையபெட்டி:
திறந்தேன், ஐடிஇ-தான். அடாப்டரும் வந்துவிட்டது. இப்போது டிஸ்க் பட்டியலில் எஸ்டிபி (sdb) என்று பெயர் வருகிறது, ஆனால் அளவு 0 என்கிறது. டிஸ்க் செத்துவிட்டதா?

முள்முனை:
அவசரப்படாதீர்கள். 40 முள் வரிசைக்கும் பவர் சாக்கெட்டுக்கும் நடுவில் குட்டி பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், அதுதான் ஜம்பர். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது முதல் (மாஸ்டர்), எது இரண்டாவது (ஸ்லேவ்) என்று சொல்வது அதுதான்; கேபிளே முடிவுசெய்ய விடுவது கேபிள் செலக்ட். ஸ்லேவிலோ கேபிள் செலக்ட்டிலோ இருந்தால் மாஸ்டருக்கு மாற்றுங்கள். படம் டிஸ்க் லேபிளிலேயே இருக்கும். அப்புறம், பவர் கொடுத்து டிஸ்க் சுற்றி நிதானமான பிறகே யுஎஸ்பியைச் செருகுங்கள்.

பழையபெட்டி:
கேபிள் செலக்ட்டில்தான் இருந்தது! நகத்துக்கு அசையவில்லை, புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்தேன். இப்போது 111.8ஜி என்று காட்டுகிறது. பெட்டியில் 120 ஜிபி என்றுதானே போட்டிருந்தது? மேக்கில் பயன்படுத்திய டிஸ்க், கோப்பு முறை (ஃபைல் சிஸ்டம்) எச்எஃப்எஸ் பிளஸ். மவுண்ட் ஆகிறது, எழுதத்தான் விடவில்லை.

கர்னல்வாசி:
120 ஜிபியும் 111.8ஜியும் ஒன்றேதான், கணக்கிடும் முறைதான் வேறு. ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) உள்ள எச்எஃப்எஸ் பிளஸ்ஸை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும். அதுவே நல்லது, ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டு வலுக்கட்டாயமாக எழுதப் பார்க்காதீர்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் நகலெடுப்பதை நிறுத்திவிட்டு, பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) நிரலால் முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது ஒரே கோப்பாக எடுங்கள்.

பழையபெட்டி:
சத்தம் இல்லை, நகல் ஓடுகிறது. தொட்டால் நன்றாகச் சுடுகிறது, அதுதான் யோசனை.

முள்முனை:
பக்கத்தில் ஒரு ஃபேன் வையுங்கள். அடியில் சர்க்யூட் போர்டு திறந்தே கிடக்கும், அதனால் உலோகத்தின் மேல் மட்டும் வைக்காதீர்கள்.