ஆடியில் தேரிக்காட்டுக்கு கார் கொண்டுபோகலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. ஒரே நாளில் குதிரைமொழித் தேரியை, அதாவது அந்தச் செம்மணல் காட்டை, சுற்றிவிட்டு, மாலையில் மணப்பாடு கடற்கரைக்குப் போக நினைக்கிறோம். எங்களுடையது தரை தாழ்ந்த செடான். கூட மாமியாரும் இரண்டு வாண்டுகளும் உண்டு. போன் மேப்பில் பார்த்தால் காயாமொழிப் பக்கமிருந்து தேரிக்குள்ளேயே ஒரு குறுக்கு வழி காட்டுகிறது. அதை நம்பலாமா? மணலில் சிக்கினால் என்ன செய்ய?

பதில் (உடன்குடி):
மேப் காட்டும் அந்த வழியை நம்பாதீர்கள் அக்கா. அது வண்டித்தடம். மாட்டு வண்டியும் டிராக்டரும் போகும், உங்கள் கார் போகாது. அதுபோக உள்ளே பெரும்பகுதி காப்புக்காடு, வனத்துறைக்குத் தெரியாமல் நுழையக்கூடாது. திருச்செந்தூர், காயாமொழி, தேரிக்குடியிருப்பு என்று தார் ரோட்டிலேயே போங்கள். கற்குவேல் அய்யனார் கோயில் வாசல்வரை கார் போகும். அதைச் சுற்றி நின்று பார்த்தாலே தேரி தேரிதான். உச்சிவேளைக்கு முன்னால் சாமி கும்பிட்டு முடித்துவிட்டால் நல்லது. அப்புறம் பரமன்குறிச்சி வழியாக உடன்குடி, அங்கிருந்து மணப்பாடு.

பதில் (சாத்தான்குளம், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்):
சிக்கிய வண்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தார் ரோட்டிலும் ஆடியில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். அதன் மேல் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல், ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். எதிரே வண்டி வருகிறதென்று ஓரம் இறக்கும்போதுதான் முக்கால்வாசிப் பேர் மாட்டுகிறார்கள்.

சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்கவே மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டர்தான் வரவேண்டும். எல்லாரும் இறங்குங்கள். முன்சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கையால் மணலைத் தள்ளுங்கள். டயரில் 33 psi இருந்தால் 20 வரை காற்றை இறக்குங்கள். டயர் அகலமாகப் படியும், புதையாது. சக்கரத்துக்கு அடியில் கால்மிதியோ காய்ந்த பனை ஓலையோ கொடுத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். ரோடு ஏறியதும் காற்றை அடித்துவிட வேண்டும், அதனால் சின்ன பம்ப் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பனை மட்டையை மட்டும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டாம், அதன் கருக்கு டயரைக் கிழிக்கும்.

பதில் (நாசரேத்):
ஆடியில் ஏன் போகவேண்டும்? கண்ணைத் திறக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் மழை பெய்து மணல் இறுகியிருக்கும், வெயிலும் தணியும். கார்த்திகைக் கடைசியில் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டுத் திருவிழாவும் பார்க்கலாம். இளநீர் வெட்டிய இடத்துச் செம்மண்ணைச் சனம் அள்ளிக்கொண்டு போகிற வேகத்தைப் பார்க்கவேண்டுமே!

பதில் (உடன்குடி):
அண்ணாச்சி சொல்வது வசதிக்குச் சரி. ஆனால் தேரியைத் தேரியாகப் பார்க்க ஆடிதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றுதானே இந்த மணலை ஆட்டிவைக்கிறது! காலையில் போட்ட கால்தடம் மதியம் இருக்காது. காற்றைப் பிடித்து நிறுத்தத்தான் முந்திரியும் உடைமரமும் நட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஏன் சிவப்பு என்று கேட்டால், மணலின் ஒவ்வொரு பொடியிலும் இரும்புத் துரு பூசினதுபோல் படிந்திருக்கிறது என்று சொல்லுங்கள். மணப்பாட்டுக்குப் போனதும் வெள்ளை மணலைக் காட்டினால் வித்தியாசம் புரியும்.

கேள்வி (பாளையங்கோட்டை):
ரொம்ப நன்றி. தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஆடியில் பதநீர் கிடைக்குமா? மணப்பாட்டிலிருந்து இலங்கை தெரியும் என்று நாத்தனார் வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறாரே?

பதில் (உடன்குடி):
பதநீர் சீசன் முடிகிற நேரம். காலையிலேயே போனால் அதிர்ஷ்டம். பத்து மணிக்கு மேல் வாங்காதீர்கள். கிடைக்காவிட்டால் கருப்பட்டி இருக்கவே இருக்கிறது, ஆனால் சீனிப்பாகு கலந்ததும் விற்கிறார்கள், தெரிந்த கடையில் வாங்குங்கள்.

இலங்கை தெரியாது. நடுவில் மன்னார் வளைகுடா, நூறு கிலோமீட்டருக்கு மேல். அவருக்குத் தெரிவது மீன்பிடிப் படகாக இருக்கும். 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலையும் சவேரியார் குகையையும் காட்டுங்கள், அது போதும்.

பதில் (நாசரேத்):
திரும்பும்போது சாத்தான்குளம் வழியாக வந்தால் முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்கலாம். தேங்காய்ப்பால் அல்வா, நெய் கிடையாது. சென்னைக்குக் கொண்டுபோகிறவர்கள் அன்று கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள்.