கேஷ் நம்ம காசா, லத்தீன் பெட்டியா?

தேவகோட்டைக்காரன்: காரைக்குடியில் ஒரு பயிற்சி வகுப்பில் லத்தீன் வேர்ச்சொல் நடத்துகிறார்கள். 'கிரெடரே' என்றால் நம்புவது, அதிலிருந்து கிரெடிட். 'டெபேரே' என்றால் கடன்படுவது, அதிலிருந்து டெபிட். அதுவரை சரி. கேஷும் லத்தீனாம், 'காப்சா' என்ற பெட்டியிலிருந்து வந்ததாம்! வட்டிக்கடை வைத்து உலகத்தையே சுற்றிய ஊரில் வந்து பேசுகிற பேச்சா இது? கேஷ் என்றால் நம்ம காசுதான்.

பள்ளத்தூர் பேரன்: அவர்கள் சொன்னது சரிதான் அண்ணே. லத்தீன் காப்சா இத்தாலியில் காஸ்ஸா, பிரான்சில் கெஸ், அங்கிருந்து ஆங்கிலம். பணப்பெட்டியின் பெயர் பணத்துக்கே ஆகிவிட்டது.

தேவகோட்டைக்காரன்: போர்த்துக்கீசியன் நம்ம காசைத்தான் 'கைஷா' ஆக்கினான். மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு வைத்தான். அந்தக் காசுக்கு அவன் எழுதிய பெயர் என்ன? கேஷ்!

ஆத்தங்குடி ஆச்சி: எழுத்து ஒன்று, சொல் இரண்டு. ஆக்ஸ்போர்டு அகராதியில் தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறது. சில்லறை நாணயத்துக்குச் சொன்ன கேஷ் நம்முடையது, ரொக்கத்துக்குச் சொல்கிற கேஷ் லத்தீன் வழி. எந்தக் கேஷுக்காகச் சண்டை போடுகிறீர்கள்?

தேவகோட்டைக்காரன்: அகராதி போட்டவன் வெள்ளைக்காரன், ஆச்சி. கேஷ் காசுதான்.

பள்ளத்தூர் பேரன்: அப்படியா? நம்ம கடைகளில் பணம் பார்த்தவனுக்குப் பெட்டியடிப் பையன் என்றுதானே பெயர்? காசடிப் பையன் இல்லையே!

தேவகோட்டைக்காரன்: பெட்டியடியைப் பற்றி நீ பேசாதே தம்பி. உங்கள் ஐயா பர்மாவில் பெட்டிச் சாவியைத் தொலைத்த கதை ஊருக்கே தெரியும்.

பள்ளத்தூர் பேரன்: 1942இல் உயிர் தப்பி நடந்தே வந்தவர் அவர். கோவிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரியைப் பாக்கி வைத்தவர்கள் அவரைப் பற்றிப் பேச வேண்டாம்.

கானாடுகாத்தான்: லத்தீனுக்கே நாம் கொடுத்திருக்கிறோம். 'ஜிஞ்ஜிபெர்' நம்ம இஞ்சி. அதைப் பேசுங்களேன்.

தேவகோட்டைக்காரன்: பார்த்தாயா! இஞ்சி கொடுத்தவனுக்குக் காசு கொடுக்கத் தெரியாதா?

பள்ளத்தூர் பேரன்: இஞ்சி பிராகிருதம், கிரேக்கம் என்று கை மாறிப் போன சரக்கு. இஞ்சி போனதால் கேஷும் போனது என்பது எந்த ஊர்க் கணக்கு?

தேவகோட்டைக்காரன்: எங்கள் ஊர்க் கணக்கு. உங்கள் ஊர்க் கணக்கை ரங்கூனிலேயே பார்த்துவிட்டோம்.

ஆத்தங்குடி ஆச்சி: நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நாணயமா, ரொக்கமா?

தேவகோட்டைக்காரன்: காசு, ஆச்சி. காசு. அப்புறம் தம்பி, புள்ளி வரிக்கு என்னிடம் ரசீது இருக்கிறது. கோவில் காரியக்காரரைக் கேட்டுவிட்டு வந்து பேசு.

பள்ளத்தூர் பேரன்: எந்த வருஷத்து ரசீது?