கருத்தரங்க அமைப்புப் பணியில் முதுகலை மாணவர்கள் எதை ஏற்கலாம்?

கேள்வி (முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி):

எங்கள் துறை ஐந்து மாதங்களுக்குப் பின் நடத்தவிருக்கும் இரண்டு நாள் ஆய்வுக் கருத்தரங்கத்தின் அமைப்புக் குழுவில் முதுகலை மாணவர்கள் ஆறு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. கருத்தரங்கம் முடிந்த மூன்றாவது வாரத்தில் என் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். "எல்லாவற்றிலும் உதவியாக இருங்கள்" என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. வரும் ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பிடும் வேலையும் எங்களிடம் வரலாம் என்ற பேச்சு இருக்கிறது. அதை மாணவர்கள் ஏற்பது முறையா? அடையாள அட்டை அச்சிடுவதையும் நாற்காலி எண்ணுவதையும் தாண்டிக் கற்றுக்கொள்ளத்தக்க பணி எது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1 (முன்னாள் மாணவ ஒருங்கிணைப்பாளர்):

நிகழ்ச்சி நிரல் வகுக்கும் பணியைக் கேட்டு வாங்குங்கள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் கால அட்டவணையாகத் தோன்றும். உள்ளே போனால்தான் துறையின் ஆய்வுப் போக்கே அதில் அடங்கியிருப்பது தெரியும்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 48 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் வாசிப்புக்கு 15 நிமிடமும் கேள்விக்கு 5 நிமிடமும் என்றால் 16 மணி நேரம் தேவைப்படும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு நாளில் 12 மணி நேரம்தான் கிடைக்கும். அதிலும் தொடக்க விழாவும் சிறப்புரைகளும் மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு அரங்குகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள் நடத்தியாக வேண்டும். அப்போது எந்தக் கட்டுரைகள் ஒரே அமர்வில் சேர வேண்டும், எவை ஒரே நேரத்தில் எதிரெதிர் அரங்குகளில் வரக்கூடாது என்று முடிவு செய்ய, எல்லாச் சுருக்கங்களையும் ஊன்றிப் படித்தே ஆக வேண்டும். என் ஆய்வுக்கு நெருக்கமான மூன்று பேரை நான் அறிந்துகொண்டது அந்த வாசிப்பில்தான்.

கட்டுரையாளர் ஒருவர் வராமல் போனால் அடுத்தவரை முன்னுக்குக் கொண்டுவராதீர்கள். இணை அமர்வுகளில் கேட்பவர்கள் அச்சிட்ட நேரத்தை நம்பி அரங்கு மாறி வருகிறார்கள். அந்த 20 நிமிடத்தைக் கலந்துரையாடலுக்கு விட்டுவிடுவதே நல்லது. வெளிநாட்டினர் பங்கேற்கும் கருத்தரங்கமாக இருந்தால், கடைசி நாள் "நள்ளிரவு" என்று மட்டும் அறிவிக்காமல் எந்த நேர வலயத்தின் நள்ளிரவு என்பதையும் எழுதுங்கள். உலகில் எங்காவது அந்த நாள் மீதமிருக்கும் வரை ஏற்போம் என்ற பொருளில், ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு 12 மணி நேரம் பிந்திய வலயத்தைப் பல கருத்தரங்குகள் பின்பற்றுகின்றன.

மறுமொழி 2 (பேராசிரியர்):

மதிப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏற்பதா நிராகரிப்பதா என்ற தீர்ப்பை மாணவர்களிடம் விடுவது அவர்களுக்கும் நியாயமில்லை, கட்டுரையாளர்களுக்கும் நியாயமில்லை. ஓர் ஆசிரியருடன் இணைந்து இரண்டாம் வாசகராக இருப்பது வேறு. அது நல்ல பயிற்சி. ஆனால் நீங்களோ உங்கள் நெறியாளரோ நெருங்கிய நண்பரோ எழுதியது உங்கள் கைக்கு வந்தால் உடனே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். வாசித்த கருத்துகள் வெளிவரும் வரை எவரிடமும் பேசக்கூடாது.

மதிப்பீட்டாளருக்கு அனுப்புமுன் பெயர்களை மறைக்கும் பணி மாணவர்களுக்கு மிகவும் பொருந்தும். முதல் பக்கத்தில் பெயரை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் பதிவாகியிருக்கும். "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்ற ஒரு தொடரே எழுதியவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒப்புமைச் சோதனை மென்பொருள் தரும் விழுக்காட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்த எண்ணை உயர்த்தும் என்பதால், எந்தப் பகுதி எங்கே ஒத்துப்போகிறது என்று திறந்து பார்த்த பிறகே ஐயத்தைக் குழுவிடம் எழுப்ப வேண்டும்.

மறுமொழி 3 (முனைவர் பட்ட ஆய்வாளர்):

முதல் மறுமொழியுடன் எனக்குச் சிறு வேறுபாடு உண்டு. பதிவு மேசையைத் தாழ்வாக எண்ண வேண்டாம். வருகிற ஒவ்வொருவரும் முதலில் முகம் பார்த்துப் பேசுவது அங்கேதான். ஆனால் பதிவுக் கட்டணத்தைப் பணமாகக் கையில் வாங்காதீர்கள், செலவுக்குச் சொந்தப் பணத்தை முன்கூட்டிப் போடாதீர்கள். அறிவிப்பில் தொடர்புக்கு உங்கள் கைபேசி எண்ணைத் தராமல் குழுவுக்கென ஒரு பொது மின்னஞ்சலைத் தொடங்கச் சொல்லுங்கள். நான் என் எண்ணைக் கொடுத்துவிட்டு, கருத்தரங்கம் முடிந்து ஓராண்டு வரை சான்றிதழ் கேட்டு வந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஒப்படைப்பு நாளைப் பார்த்தால், ஆய்வுக்கோவைப் பதிப்புப் பணியை ஏற்கவே கூடாது என்பேன். திருத்தப்பட்ட கட்டுரைகளைத் துரத்துவதும், அடிக்குறிப்பை ஒரே நடைக்குக் கொண்டுவருவதும், நூலுக்குரிய 13 இலக்க எண்ணையும் தொடர் வெளியீட்டுக்குரிய 8 இலக்க எண்ணையும் குழப்பாமல் உரியதைப் பெறுவதும் பெரும்பாலும் கருத்தரங்கம் முடிந்த பிறகே சூடு பிடிக்கும். அதாவது, சரியாக உங்களுடைய அந்த மூன்று வாரங்களில்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நிகழ்ச்சி நிரலையும் பெயர் மறைக்கும் பணியையும் நான் ஏற்பதாகவும், கருத்தரங்கத்தின் இரண்டாம் நாள் மாலையுடன் என் பொறுப்பு முடிவதாகவும் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டேன். நானும் ஒரு சுருக்கம் அனுப்புவதாக இருக்கிறேன். அதனால் என் பிரிவுக்கு வரும் கோப்புகளை மட்டும் வேறொருவர் கையாளும்படி கேட்டிருக்கிறேன்.