மிகை இறப்பா, வழமைமேல் இறப்பா?

அன்புடையீர், வணக்கம்.

ஒரு காலப்பகுதியில் வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட அதிகமாக நிகழும் இறப்புகளை ஆங்கிலத்தில் 'excess deaths' என்பார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகப் போன கிழமை இங்கே 'உபரி மரணம்', 'மிகை இறப்பு', 'கூடுதல் இறப்பு' என்று மூன்று சொற்கள் வைக்கப்பட்டன. பெரும்பாலானோர் 'மிகை இறப்பு' பக்கம் நிற்பது தெரிகிறது. கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். வன்னியில், மல்லாவியில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். சொல் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும் என்பதைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

2022 மே மாதம், உலக சுகாதார ஸ்தாபனம் தன் கணிப்பை வெளியிட்டிருந்த நேரம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் உலகம் முழுக்க வழக்கமாக எதிர்பார்த்திருக்கக் கூடியதைவிட ஏறத்தாழ 1 கோடி 49 இலட்சம் பேர் அதிகமாக இறந்தார்கள் என்பது அந்தக் கணிப்பு. நாடுகள் அறிவித்த கொவிட் மரணங்களோ 54 இலட்சம் அளவில்தான் இருந்தன. என் தங்கையின் மகன் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கைபேசியில் அந்தச் செய்தியை வாசித்தான். தலைப்பில் 'மிகை மரணங்கள்' என்று இருந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "மாமா, மிகை எண்டா கூட்டிச் சொன்னதுதானே? அப்ப இவ்வளவு பேர் சாகேல்லை எண்டுதானே இவங்களே சொல்லுறாங்கள்?"

அவன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்த பிள்ளை. அவனுக்கே அப்படித்தான் பட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. மிகைப்படுத்தல், மிகையான பேச்சு, 'சொன்னால் மிகையாகாது' என்றெல்லாம் இந்தச் சொல்லை நாம் அன்றாடம் பழகுவது உள்ளதைவிடக் கூட்டிச் சொல்வதற்குத்தான். மிகை என்றால் மிகுதி என்று அகராதி சொல்லும், சரி. ஆனால் கொரோனாக் கணக்கே பொய், எண்ணைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்று ஒரு பக்கமும், மறைத்துக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று மறுபக்கமும் சண்டை பிடித்த ஒரு விடயத்துக்கு, முதல் பக்கத்தின் வாதத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சொல்லைக் கொடுக்கலாமா? வாசகர் செய்தியின் முதல் வரிக்கு வருமுன்பே தலைப்பு அவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

'உபரி' அதைவிட மோசம். வீட்டுத் தேவைக்குப் போக எஞ்சிய நெல் உபரி. எந்த மனிதரின் சாவையும் அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் இல்லை. 'மேலதிகம்' என்று யாழ்ப்பாண நண்பர் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். எங்களுக்கு அது மேலதிக வகுப்பு, மேலதிக அரசாங்க அதிபர். வேண்டுமென்று கேட்டுச் சேர்த்துக்கொள்வதைத்தான் அது குறிக்கிறது. 'கூடுதல்' பரவாயில்லை, ஆனால் எதைவிடக் கூடுதல் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கருத்தின் உயிர். ஒரு காலப்பகுதியில் எந்தக் காரணத்தால் என்றாலும் இறந்தவர்கள் எத்தனை பேர்? முந்தைய ஆண்டுகளின் போக்கை வைத்துப் பார்த்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள்? முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது எண்ணை மாற்றினால் விடையும் மாறும். ஜேர்மனி, சுவீடன் இரண்டுக்கும் எதிர்பார்ப்பு அளவு சரியாகப் பொருந்தவில்லை என்று விமர்சனம் வந்தபின் உலக சுகாதார ஸ்தாபனம் அதைத் திருத்தியது. ஜேர்மனியின் எண் இறங்கியது, சுவீடனின் எண் ஏறியது. இறந்தவர்களின் தொகை மாறவில்லை. மாறியது ஒப்பிடும் வழமை. ஆகவே அந்த ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும் என்கிறேன். இந்தியாவுக்கு அந்த ஸ்தாபனம் கணித்தது 47 இலட்சம், அரசு அறிவித்திருந்தது 4 இலட்சத்து 81 ஆயிரம். கணிப்பு முறையையே இந்திய அரசு ஏற்கவில்லை. அந்தத் தகராற்றைத் தமிழில் ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால், எந்த எண் எண்ணியது, எந்த எண் கழித்து வந்தது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

கணக்கில் வராமல் மறைந்த கொவிட் மரணம் என்ற பொருளில் வந்த 'கொவிட் மறை இறப்பு' என்ற முன்மொழிவையும் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கத்து வளவில் ஒரு அக்கா இருந்தார். சிறுநீரக நோய். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வருவார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வாகனம் பிடிக்க முடியாமல் தவணைகள் தவறின. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சாய்மனைக் கதிரையிலேயே இருந்து இரவைக் கழிப்பார். ஏப்ரலில் போய்விட்டார். அவருக்குக் கொரோனா தொற்றவே இல்லை. மரணச் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதினார்கள். அதுவும் சரிதான். எந்தக் கொவிட் பட்டியலிலும் அவர் இல்லை, ஆனால் இந்தக் கழித்தல் கணக்கில் அவருக்கு இடம் உண்டு. அதே ஊரடங்கில் ஏ9 வீதியில் விபத்து நடக்காமல் தப்பிய யாரோ ஒருவரும் மறுபக்கமாக இந்தக் கணக்கில் இருப்பார். காரணம் எதையும் சொல்லாமல் வித்தியாசத்தை மட்டும் சொல்வதுதான் இந்த எண்ணின் நேர்மை.

வன்னியில் இருக்கிறவர்களுக்குக் கழித்துக் காணும் கணக்கு புதிதில்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், போருக்குப் பின் இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது அப்படியொரு கணக்கு. 2008 ஒக்டோபரில் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வித்தியாசம் கேள்வியைத்தான் தரும். காரணத்தை வேறு வழியில் தேட வேண்டும். அதைக் கவனமாகச் சொன்ன மனிதர் அவர். நாங்கள் உருவாக்கும் சொல்லுக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

இன்னொன்று. 2021 நடுவில் எங்கள் பகுதியில் வயதானவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சில கிழமைக்குள் என் பெரியப்பா முறையான ஒருவர் காலமானார், வயது 81. செத்தவீட்டில் பந்தலுக்குள் அதுதான் பேச்சு. "ஊசி போட்டபிறகுதானே விழுந்தவர்" என்று ஒருவர் சொல்ல, முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு நாலு பேர் தலையாட்டினார்கள். நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்டேன்: ஊசி வராத வருடங்களில், எங்கள் ஊரில் எண்பது தாண்டியவர்கள் ஒரு மாதத்தில் எத்தனை பேர் போவார்கள்? ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஊசி போட்டபின் ஏதும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. பக்கவிளைவு உண்மையிலேயே இருந்தாலும் அதைப் பிடிப்பதற்கு வழி இந்தக் கேள்விதான். கேள்வியின் முதற்சொல்லே 'வழமை'.

ஆகவே என் முன்மொழிவு: வழமை மிஞ்சிய இறப்பு. ஒப்பிடும் அளவுக்கு வழமை அளவு.

'இயல்பு மீறிய இறப்பு' என்று மாற்றலாமே என்று சென்னை நண்பர் கேட்கக்கூடும். வேண்டாம். அது இயற்கைக்கு மாறான சாவு, கொலை, தற்கொலை என்று காதில் விழும். வழமை ஈழத்து வழக்கு என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைக் கொண்ட தேசவழமைச் சட்டம் 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே புழங்கிவரும் சொல் இது. வழக்கம் தெரிந்த எவருக்கும் வழமை விளங்கும்.

* * *

மூன்று நாள் கழித்து, இரண்டாம் மடல்.

மட்டக்களப்பு ஆசிரியை எழுதிய பதிலைப் பலமுறை வாசித்தேன். "ஐயா, மிஞ்சிய சோறு என்கிறோம். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு மிஞ்சின ஆக்கள் என்றும் சொல்கிறோம். மிஞ்சுதல் என்றால் எஞ்சுதலும்தானே?" என்று கேட்டிருந்தார். அவர் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் வாயில் உயிரோடு எஞ்சியவர்களுக்கு உள்ள சொல்லை இறந்தவர்கள் மேல் வைக்கப் பார்த்திருக்கிறேன். அதை மீளப் பெறுகிறேன்.

இரண்டு நாளாக வேறு சொல் தேடினேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது வயல்காரர் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. "இந்த முறை மழை வழமைக்கு மேல." மழை பொய்த்த வருடத்தில் "வழமைக்குக் கீழ" என்பார்கள். அவர்களுக்கு வழமை ஒரு கோடு, மழை அதற்கு மேலேயும் போகும், கீழேயும் வரும்.

இந்த எண்ணும் அப்படித்தான். 2020இல் நியூசிலாந்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இறந்தார்கள். 'மிகை'யை வைத்துக்கொண்டு அதைச் சொல்லப்போனால் 'எதிர்ம மிகை' என்று திணற வேண்டிவரும். ஆகவே:

வழமைமேல் இறப்பு, வழமைக்கீழ் இறப்பு, வழமை அளவு.

ஒன்றில் ஒற்று இல்லை, மற்றதில் ககரம் இரட்டித்திருக்கிறது. இலக்கணம் அறிந்தவர்கள் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'வழமைகீழ்' என்று விட்டால் எனக்கு நாக்கு இடறுகிறது. செய்தித் தலைப்புக்கு நீளம் என்று பத்திரிகை நண்பர் சொன்னதற்கு, 'வழமைமேல் இறப்பு 47 இலட்சம்' என்று எழுதிப் பார்த்தேன், ஒரு வரியில் நிற்கிறது. தங்கையின் மகனிடமும் அதை எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, "வழமை எண்டு எந்த வருசத்தை எடுத்தவை?" என்று கேட்டான்.