கூரியரில் கணினி வாங்குவதில் உள்ள ஆபத்துகள் என்னென்ன?

எழினி:
அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மகள் கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முப்பரிமாண வரைபட மென்பொருள் தடையின்றி இயங்கக்கூடிய மேசைக் கணினி ஒன்று அவளுக்கு வேண்டும். நேரில் விசாரித்த விலையைவிடக் கணிசமாகக் குறைத்து, கூரியர் மூலம் அனுப்பித் தருவதாக ஒரு டீலர் விளம்பரம் செய்திருக்கிறார். "ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒரிஜினல் விண்டோஸ், ஓராண்டு வாரண்டி" என்பதுதான் அதில் உள்ள முழு விவரம். தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். ஆனால் முழுத் தொகையையும் முன்கூட்டியே வங்கிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும் என்றும், பெட்டியைப் பிரித்த பிறகு பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது என்றும் சொல்கிறார். விலை ஈர்க்கிறது, நிபந்தனை அச்சுறுத்துகிறது. இப்படி வாங்கிப் பழகியவர்கள், பணம் செலுத்துவதற்கு முன் நான் எவற்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மாறன்:
வணக்கம் சகோதரி. கணினி பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் எடுத்து எழுதிய விளம்பரத்தில் ஒரு பொருளுக்குக்கூட மாடல் எண் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது.

"ஐ7" என்பது 2008ஆம் ஆண்டு முதல் இன்டெல் நிறுவனம் தலைமுறை தலைமுறையாக வெளியிட்டுவந்த பிராசசர்களுக்குப் பொதுவான குடும்பப் பெயர். 2013இல் வந்த ஐ7-4770ம் ஐ7தான். ஆனால் 2022இல் வந்த ஐ3-12100 என்ற, பெயரளவில் கீழ்ப்படியில் இருக்கும் பிராசசர் அதைவிட வேகமானது. வேகத்தைக்கூட ஒருபுறம் வைத்துவிடலாம். விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் அங்கீகரித்திருக்கும் இன்டெல் பிராசசர்கள், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, 8ஆம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. எனவே பழைய ஐ7 பொருத்திய கணினியை வாங்கினால், வரும் நாளிலேயே அதன் இயங்குதளம் கேள்விக்குறியாகிவிடும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு "4 ஜிபி" என்று மட்டும் எழுதியிருப்பதும் போதாது. நினைவக அளவு அதன் திறனைக் காட்டாது. 2014இல் வெளியான ஜிடி 730 போன்ற எளிய கார்டிலும் 4 ஜிபி வகை உண்டு. உங்கள் மருமகளின் வேலைக்கு அது உதவாது. பழைய கார்டின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை மாற்றி, புதிய கார்டு போலக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸில் பார்த்தால் புதிய கார்டின் பெயரே தெரியும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படி மாற்றப்பட்ட கார்டுகள் பலவற்றைப் போலி என்று அடையாளம் காட்டிவிடும்; பெட்டி வந்த அன்றே அதை இயக்கிப் பாருங்கள்.

ஒரு சிறு குறிப்பு: கோப்புகளைச் சேமிக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியை விண்டோஸ் ஏறத்தாழ 476 ஜிபி என்றே காட்டும். அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு. அதற்காக டீலரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கதிரவன்:
எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தொலைவிலிருந்த ஒரு விற்பனையாளரிடம் இதேபோல முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டி ஒரு கணினியை வரவழைத்தேன். பெட்டி வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். உள்ளே, கனமான கிராபிக்ஸ் கார்டு வழியில் ஏற்பட்ட குலுக்கலில், பாகங்களெல்லாம் பொருந்தும் மதர்போர்டில் தான் செருகியிருந்த ஸ்லாட்டைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. கார்டைத் தாங்கிப்பிடிக்க உள்ளே ஒரு துண்டு நுரைகூட வைக்கவில்லை. கூரியர் நிறுவனம் பேக்கிங் சரியில்லை என்றது. விற்பனையாளர் அனுப்பும்போது நன்றாக இருந்தது என்றார். அதற்கும் மேலாக, கூரியர் சீட்டில் அவர் குறிப்பிட்டிருந்த மதிப்பு நான் கொடுத்த விலையில் சிறு பங்குதான். இழப்பீடு அந்த மதிப்பைத் தாண்டாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு புதிய மதர்போர்டை என் செலவிலேயே வாங்கினேன்.

ஆகவே அம்மா, சீட்டில் முழு மதிப்பைக் காட்டி, காப்பீட்டுடன் அனுப்புவாரா என்று முதலில் கேளுங்கள். பெட்டி வந்ததும், முகவரிச் சீட்டும் ஒட்டுநாடாவும் தெரியும்படி தொடங்கி, கணினியை வெளியே எடுக்கும் வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கையெழுத்திடும் முன் "உள்ளே சோதிக்கப்படவில்லை" என்று எழுத இடம் கொடுத்தால் எழுதிவிடுங்கள். உடனே மின்சாரம் கொடுக்காமல், பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உள்ளே நுரை இருந்தால் எடுத்துவிட்டு, கார்டும் பிராசசரின் மேலுள்ள கூலரும் அசையாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இயக்குங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதே பெட்டியைக் கேட்பார்கள்.

தமிழ்ச்செல்வி:
கதிரவன் ஐயா பட்ட பாட்டை மறுக்கவில்லை. ஆனாலும் தொலைவிலிருந்து வாங்குவதே தவறு என்ற முடிவுக்கு எழினி வந்துவிடக் கூடாது. 1984இல் தொடங்கிய டெல் நிறுவனம் வளர்ந்ததே, தொலைபேசியில் ஆர்டர் எடுத்து நேரடியாக வீட்டுக்கு அனுப்பும் முறையில்தான். நானும் மூன்று கணினிகளை இப்படித்தான் வாங்கியிருக்கிறேன். என் பார்வையில் உங்கள் டீலரிடம் உள்ள பெரிய சிக்கல், பணம் செலுத்தும் வழி. கிரெடிட் கார்டில் செலுத்தினால், பொருள் வராதபோதோ சொன்னதற்கு மாறாக வந்தபோதோ வங்கியிடம் முறையிட்டுத் தொகையைத் திரும்பக் கோர ஒரு வழி இருக்கிறது. கணக்கிலிருந்து கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்தில் அந்தப் பிடி பெரும்பாலும் இருப்பதில்லை. கார்டுக்கான கட்டணத்தைத் தனியாகத் தருகிறேன் என்று சொன்ன பிறகும் ஒருவர் கார்டை ஏற்க மறுத்தால், நான் அங்கே வாங்க மாட்டேன்.

பெட்டியைப் பிரித்தால் திருப்ப முடியாது என்ற நிபந்தனையையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பிரிக்காமல் ஒரு கணினியை எப்படிச் சோதிப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வாறு வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பித் தரும் உரிமை சட்டப்படி இருக்கிறது. அமெரிக்காவில் 1975இல் வகுத்த விதியின்படி, அனுப்பும் நாளைக் குறிப்பிடாத விற்பனையாளர் பொதுவாக 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் தாமதத்துக்கு வாங்குபவரின் ஒப்புதலைப் பெற வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நீங்கள் வசிக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை, டீலரின் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாமல், தனியாகப் பாருங்கள்.

வாரண்டி யாருடையது என்றும் கேளுங்கள். பாகங்களை வாங்கிப் பொருத்தித் தருபவரின் வாரண்டி, அவர் கடையை மூடிவிட்டால் அன்றோடு முடிந்துவிடும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருந்தால், அந்தந்தத் தயாரிப்பாளரிடம் நீங்களே நேரடியாகப் போகலாம்.

மாறன்:
சகோதரி தமிழ்ச்செல்வி சொன்ன சீரியல் எண் மிக முக்கியம். "ஒரிஜினல் விண்டோஸ்" பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். பெரிய நிறுவனங்களுக்கான உரிமத்தைப் போலியான வழியில் ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வகை உரிமம் 180 நாட்களுக்குள் நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. உரிமத்துக்குக் காலாவதி நாள் காட்டுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வாங்கிய ஒரிஜினல் உரிமத்துக்கு அப்படி ஒரு நாள் இருக்காது.

எழினி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னவற்றை எழுத்தில் கேட்டு அந்த டீலருக்கு அனுப்பினேன். பிராசசர் ஐ7-4790 (மாறன் சொன்ன 4770ஐப் போன்ற பழைய ஐ7) என்றும், கிராபிக்ஸ் கார்டு "கையிருப்பைப் பொறுத்தது" என்றும் பதில் வந்தது. சீரியல் எண்களைப் பில்லில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார், அதனால் விலகிக்கொண்டேன். அதே கேள்விகளை, கூரியரில் அனுப்பும் வேறொருவரிடம் கேட்டேன். விலை சற்று அதிகம். ஆனால் பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு அனைத்துக்கும் மாடல் எண்ணோடு பட்டியல் அனுப்பினார். கார்டில் பணம் பெறவும், முழு மதிப்புக்குக் காப்பீடு செய்யவும் ஒப்புக்கொண்டார். நாளை பணம் செலுத்தலாம் என்றிருக்கிறேன். இன்னும் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

மாறன்:
பட்டியலில் பவர் சப்ளை இல்லை. விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைக்கும் பாகம் அது. அது பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும். அதன் தயாரிப்பாளர் பெயர், மாடல், எத்தனை வாட் என்பவற்றை எழுதி வாங்கிய பிறகு பணம் செலுத்துங்கள். பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் இருந்தால், மின்கம்பியைச் செருகுவதற்கு முன்பே அது உங்கள் இடத்து மின்னழுத்தத்துக்குப் பொருந்தும் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.