சயாம் ரயில் தாத்தா புலம்பலைன்னா ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தமா?

தோட்டத்துப் பேரன், செந்தூல்: பதவி உயர்வு கிடைக்காத தங்கச்சி ஒருத்தர் நேத்து இங்க மனசு விட்டு எழுதியிருந்தாங்க. தன்கிட்ட வேலை கத்துக்கிட்டவனுக்கே அந்த இடம் போச்சாம். அதுக்குப் பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் போட்ட பதில்: "எங்க தாத்தா, யுத்தத்துல ஜப்பான்காரன் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலையில கெடந்துட்டு வந்தாரு. ஒரு நாளும் புலம்பல. நீங்களும் ஏத்துக்குங்க." படிச்சதும் வயிறு எரிஞ்சது.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்: என் தாத்தாவப் பத்தி எனக்குத் தெரியாதா? சாயங்காலம் கோயில், ராத்திரி கஞ்சி, அப்புறம் படுத்துருவாரு. புலம்பல.

தோட்டத்துப் பேரன்: யார்கிட்டப் புலம்புவாரு? 415 கிலோமீட்டர் பாதை. 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சான் ஜப்பான்காரன். வாந்திபேதி, மலேரியான்னு செத்தவங்களக் குழி வெட்டி மொத்தமாப் போட்டாங்க. தாய்லாந்துல காஞ்சனாபுரி போய்ப் பாருங்க. கைதியாப் போன சிப்பாய்களுக்கு 6,982 கல்லறை, வரிசை வரிசையா. மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்து வேலைக்குப் போன நம்ம ஆளுங்களுக்கு அப்படி ஒரு இடுகாடு இருக்கா? கேக்க நாதியில்லாம வாய மூடினதுக்குப் பேரு ஏத்துக்கிறதா? எங்க தாத்தாவும் பகல்ல வாய் திறக்கமாட்டாரு. ராத்திரி தூக்கத்துல கத்துவாரு.

ஜார்ஜ்டவுன் கமலா: தம்பி, அதுக்காகக் கோபத்தோடயே காலம் தள்ள முடியுமா? என் வீட்டுக்காரர் பக்கவாதத்துல விழுந்தப்ப "எனக்கு ஏன் இப்படி"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அதை விட்டப்புறம்தான் அவருக்குப் பொறுமையாச் சோறு ஊட்ட முடிஞ்சது. நடந்தது நியாயம்னு நான் சொல்லல.

தோட்டத்துப் பேரன்: அக்கா, நோய் வேற, மனுஷன் பண்ற அநியாயம் வேற. நோய்கிட்ட மனுக் குடுக்க முடியாது. முதலாளிகிட்டக் குடுக்கலாம். அந்தத் தங்கச்சி முதல்ல அதைக் குடுக்கட்டும்.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்: சுத்தி வளைக்காதீங்க. தாத்தா புலம்பினாரா இல்லையா? தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் கணக்குல நீங்க போட்ட சத்தம் ஊருக்கே தெரியும்.

தோட்டத்துப் பேரன்: பந்தலை ஏன் இழுக்கிறீங்க? ரசீது கேட்டேன். இன்னும் வரல.

ஈப்போ ராஜா: 1967ல ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி (மலேசிய டாலர்) குடுத்துப் போர்க் கணக்கைத் தீர்த்துச்சே?

தோட்டத்துப் பேரன்: அது ரெண்டு கப்பலா வந்துச்சு ஐயா. தோட்டத்து லயத்து வீட்டுல தாலி அறுத்த பொம்பளைங்க கையில என்ன வந்துச்சு? யாரைக் கேட்டுத் தீர்த்தாங்க?

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்: கப்பல் வேற கதை. எங்க தாத்தா புலம்பல.

தோட்டத்துப் பேரன்: அவர் பக்கத்துல படுத்து வளந்த உங்க அப்பாகிட்டக் கேட்டீங்களா? கேட்டுட்டு வந்து எழுதுங்க. ரசீதையும் கொண்டு வாங்க.